கூடைக்குள் காணி தரப் பார்க்கிறார்கள்!

இப்போது சில தோட்டங்களில் தொங்கு கூடை கொடுக்கிறார்கள். இஸ்தோப்பு வளையில் கம்பியால் மாட்டிவிட ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் தும்புத்தூளும் கொஞ்சம் கூட்டெருவும், நடுவில் ஒரு தக்காளிக் கன்று. வீட்டுக்கு இரண்டு. பெரட்டுக் களத்தில் பதாகை கட்டிப் படமெடுத்துக்கொண்டு, "வீட்டுத்தோட்டத் திட்டம்" என்று பெயரும் வைத்துவிட்டுப் போகிறார்கள். (நம் ஆட்களும் சிலர் அந்தப் படத்தில் நிற்கிறார்களாம். நிற்கட்டும். காணிக் கோரிக்கைக் கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.)

வீட்டுத்தோட்டம் என்றால் வீடும் வேண்டும், தோட்டமும் வேண்டும். நாம் இருக்கும் 10 அடிக்கு 12 அடி காம்பரா கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நிலமும் அப்படித்தான். மிச்சமிருப்பது கூரைக்கும் தரைக்கும் இடையிலுள்ள காற்று. அதில் பயிர் செய்யச் சொல்கிறார்கள்.

கணக்குப் பார்ப்போம். 12 அங்குல வாயுள்ள கூடையில் இருக்கும் மண்பரப்பு முக்கால் சதுர அடி. இரண்டு கூடைக்கு ஒன்றரைச் சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. நமக்குத் தருவதாகச் சொன்ன 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதுவே போதாது என்றுதான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒன்றரைச் சதுர அடியைத் தந்துவிட்டு "வாழ்வாதாரம்" என்று எழுதுகிறவர்கள் எந்தக் கணக்கப்பிள்ளையிடம் கணக்குப் படித்தார்களோ தெரியாது.

தக்காளி தெரியாதவர்கள் இல்லை நாம். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த அனுபவத்தோடுதான் சொல்கிறோம்: தரையில் வளர்ப்பது வேறு, கூடையில் வளர்ப்பது வேறு. தரையில் நின்ற செடிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் வேர் ஆழமாகப் போய்த் தேடிக்கொள்ளும். தொங்கும் கூடையில் வேர் போக இடமில்லை. நாலு பக்கமும் காற்றுப் பட்டு ஒரு நல்ல வெயிலில் தும்புத்தூள் காய்ந்துவிடும். தினமும் ஊற்ற வேண்டும், கோடையில் காலையும் மாலையும். ஒரு கூடைக்கு ஒரு நேரத்துக்கு இரண்டு லீற்றர் என்றால், பத்துக் கூடை வைத்தவருக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர். பீலியடியிலிருந்து அதைச் சுமப்பது யார்? மலையில் கொழுந்தெடுத்து, நிறுத்துப் போட்டு, கூடையை இறக்கிவைத்த அதே பெண்தான். முதுகில் ஒரு கூடை போதாதென்று தலைக்கு மேலும் ஒரு கூடையைக் கொடுத்திருக்கிறார்கள்.

காய்ந்து கிடந்த கூடைக்குத் திடீரென்று நிறைய ஊற்றினால் காய் வெடிக்கும். தண்ணீர் ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை என்றானால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழியும். அது பூச்சியுமல்ல, கண்ணூறுமல்ல. ஊற்ற ஊற்றப் பசளையும் அடியால் வழிந்துவிடும் என்பதால் வாரத்துக்கொரு முறை கொஞ்சமாவது போட வேண்டும். அந்தப் பசளை யார் செலவு? கன்று கொடுத்த நாளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தக்காளிக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். தகரக் கூரை இறங்கி நிற்கும் இஸ்தோப்பில், அதுவும் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில், ஒரு பக்கத்துக்கு வெயில் கிடைத்தால் மறுபக்கத்துக்கு நிழல். மழை மாதத்தில் மூடுபனி இறங்கி இலை மணிக்கணக்காக நனைந்து நின்றால், வெளிறல் நோய் நாலைந்து நாளில் செடியைக் கருக்கிவிடும். கூடைக்கென்று குட்டையாக வளர்ந்து தொங்கும் சிறுகாய் இனங்கள் உண்டு. கொடுப்பதோ கம்பு நட்டுக் கட்டவேண்டிய வயல் இனம். காற்றில் ஒடிந்து விழுகிறது. நனைந்த கூடை ஒன்று பத்துக் கிலோ வரும். வளை ஏற்கெனவே உளுத்துப்போயிருக்கிறது. லயக் கூரையைத் திருத்தித் தரச் சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, அதே கூரையில் கூடை தொங்கவிட மட்டும் ஆள் வருகிறது.

இவ்வளவும் சரியாக நடந்தால் ஒரு கூடையில் ஒன்றிரண்டு கிலோ காய்க்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு சம்பலுக்காவது ஆகும். "ஒன்றுமில்லாததற்கு இதாவது கிடைத்ததே" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. கூடையை வாங்கிக்கொள்ளுங்கள். "காணி, வீட்டுத்தோட்ட வசதி கிடைத்தது" என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்று கூடைக்குப் போட்ட கையெழுத்தை நாளை காணிப் பேச்சுவார்த்தையில் மேசைமேல் எடுத்துப் போடுவார்கள்.

2022 நெருக்கடியில் நாடு முழுவதும் வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். அரசாங்க ஊழியருக்கு அதற்காக வெள்ளிக்கிழமை லீவும் கிடைத்தது. நமக்கு? வெள்ளிக்கிழமை மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டவர்களிடம் "கம்பனிக் காணி, எடு" என்று சொன்ன இடங்களும் உண்டு. இன்று கூடை கொண்டுவருவதும் அதே நிர்வாகங்கள்தான்.

காணி இல்லையா? 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, பிறகு 53 வருடக் குத்தகையும் எழுதப்பட்டது. அந்தக் காணியில் தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடக்கும் மலைகளை நாம் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம். காணி என்ற சொல்லுக்கு இந்த மலையில் உயிரே விலையாகக் கொடுத்திருக்கிறோம். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பறித்து வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன், 1977 மே 11 அன்று பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். அவர் ஒரு பிளாஸ்டிக் கூடைக்காகச் சாகவில்லை.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இதைச் செய்யுங்கள். உங்கள் டிவிசனில் லயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் எத்தனை ஏக்கர் தேயிலை இல்லாமல் கிடக்கிறது, எந்த மலை இலக்கம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். லயத்தில் எத்தனை குடும்பம், எத்தனை கூடை கொடுத்தார்கள், எத்தனை செடி உயிரோடு இருக்கிறது என்பதையும் சேருங்கள். ஒரு பிரதியைத் துரையிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறு பிரதி அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்துசேர வேண்டும்.