பழங்காரின் பிறேக்கும் நமது பொறுப்பும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும், எஞ்சினின் வலிமையையும், வர்ணத்தின் மினுமினுப்பையுமே எடுத்துப் பேசுவர். அவ்வண்டி வேண்டியபொழுது வேண்டிய இடத்தில் நிற்குமோ என்று வினாவுவோர் மிகச் சிலரே. குதிரை வாங்குவோன் கடிவாளத்தைப் பாராது வாங்கான். கார் வாங்குவோனோ மிதிகட்டையை ஒருமுறை மிதித்துப் பார்த்து அமைதியடைந்து விடுகின்றான். பழைய கார்களின் பிறேக்கிற்கு உயிர்நிலையாயுள்ள மாஸ்ரர் சிலின்டர் பழுதுற்றவிடத்து அதனைப் பிரித்துப் புதுக்குதல் தக்கதோ, அன்றி முற்றாக நீக்கிப் புதியதொன்றைப் பூட்டுதல் தக்கதோ என்னும் வினாவை ஆராய்ந்து, எனது அபிப்பிராயத்தை நமது கல்லூரி வாசகர்முன் வைக்க விரும்புகின்றேன்.

இஃது எங்கேயோ செல்வர் சிலருடைய பொழுதுபோக்கைச் சார்ந்த விஷயமென்று எண்ணற்க. யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரையும், ஒஸ்ரின் ஏ 40 ஐயும், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் காணாதார் நம்முள் யார்? 1990 ஆம் ஆண்டிற்குப் பின்னர் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயால் ஓட்டி, இவ்வண்டிகளைக் கொண்டே நோயாளரை வைத்தியசாலைக்கும் மணமக்களைக் கோவிலுக்கும் கொண்டு சென்றனர் நம்மவர். அத்தகைய வண்டிகளின்மீது நமக்கு அன்பிருத்தல் இயல்பே. ஆயினும் அன்பு ஒன்று, கண்மூடித்தனம் வேறொன்று.

முதலில் இவ்வுறுப்பின் தொழிலைச் சுருங்கக் கூறுவோம். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம், எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்னும் உண்மையைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பஸ்கால் நிலைநாட்டினார். அதனை விளக்கும் அவரது நூல் அவர் இறந்த மறு ஆண்டாகிய 1663 இல் வெளிவந்தது. மிதிகட்டையை மிதிக்குங்கால் ஒரு தண்டு மாஸ்ரர் சிலின்டரினுள்ளே பிஸ்ரனைத் தள்ளுகின்றது. எடுத்துக்காட்டாக, அரைச் சதுர அங்குலப் பரப்புள்ள பிஸ்ரனை 150 இறாத்தல் விசை தள்ளுமாயின், எண்ணெயில் சதுர அங்குலத்திற்கு 300 இறாத்தல் அமுக்கம் உண்டாகும். அவ்வமுக்கம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்குள்ள சிறு சிலின்டர்களைத் தள்ளி, பிறேக் கட்டைகளை உருளையோடு உரசச் செய்கின்றது.

இத்தனை பெரிய விசையையும் தடுத்து நிற்பது யாதெனில், பிஸ்ரனின் முன்னே பொருந்தியுள்ள ஒரு சிறு றப்பர்க் கிண்ணமேயாம். அதன் விளிம்பு சிலின்டரின் உட்சுவரோடு இறுகப் பொருந்தியிருக்கும். கிண்ணத்திற்குச் சற்று முன்னே, ஊசிமுனை போன்ற ஒரு நுண்டுளை எண்ணெய்த் தொட்டியோடு தொடர்புடையதாய் அமைந்துள்ளது. மிதித்தவுடன் கிண்ணம் அத்துளையைக் கடந்து மூடுகின்றது. அதன்பின்னரே அமுக்கம் பிறக்கும். காலை எடுத்தவுடன் துளை திறக்க, சூட்டினாற் பெருத்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகின்றது. தள்ளு தண்டிற்கும் பிஸ்ரனுக்கும் இடையே சிறிதளவு இடைவெளி இல்லையாயின் இத்துளை திறவாது. பெருத்த எண்ணெய் திரும்ப வழியின்றிப் பிறேக் கட்டைகளை அழுத்த, அவ்வுரசலாற் சூடு மேலும் ஏற, ஈற்றில் வண்டி தானே இறுகி நின்றுவிடும்.

எண்ணெய் அமுக்கத்தாற் பிறேக் பிடிக்கும் இம்முறைக்கு அமெரிக்கராகிய மல்கம் லொக்கீட் 1917 இல் உரிமைப்பத்திரம் பெற்றார். 1921 ஆம் ஆண்டு டூசன்பேர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் அது பொருத்தப்பட்டது. அந்நாளிற் பயன்பட்ட திரவத்தின் ஒரு கூறு நம் வீடுகளிற் பழகிய ஆமணக்கெண்ணெயே என்பதை அறிந்தால் வாசகர் வியப்பர். ஒஸ்ரின் ஏ 40 டெவன் வண்டியில் முன்சக்கரங்களுக்கு எண்ணெய்ப் பிறேக்கும் பின்சக்கரங்களுக்குத் தண்டுகளால் இழுக்கும் பிறேக்குமாக இரண்டும் கலந்திருந்தன. 1948 இல் வெளிவந்து, பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தாண்டிய மொறிஸ் மைனரிலோ நான்கு சக்கரங்களும் எண்ணெயையே நம்பியிருந்தன. அந்நான்கிற்கும் ஒரே குழாய்த் தொடர், ஒரே கிண்ணம்.

இங்கேதான் ஆபத்தின் வேர் உள்ளது. பிற்காலக் கார்களில் சிலின்டர் ஈரறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று கெட்டாலும் மற்றொன்று சில சக்கரங்களையேனும் பிடிக்குமாறு அமைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1968 ஆம் ஆண்டு தொடக்கம் புதிய கார்களுக்கு அது சட்டமாகவே விதிக்கப்பட்டது. நமது பழங்காரில் அவ்விரண்டாம் துணை இல்லை. கிண்ணம் கிழிந்த அக்கணமே நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். எஞ்சியிருப்பது கைபிறேக் ஒன்றே.

பழுது எவ்வாறு நேர்கின்றது? பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் தன்மையது. கடற்காற்று வீசும் நமது குடாநாட்டில் இதனைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத எண்ணெயிலுள்ள நீர் வார்ப்பிரும்புச் சுவரைத் துருவாக அரித்துக் குழிகளை உண்டாக்கும். அக்குழிகளின்மேல் நாள்தோறும் உரசும் கிண்ணத்தின் விளிம்பு அரத்தின்மேல் உரசும் துணிபோலத் தேயும். மிதிகட்டையை மிதித்தவாறே வைத்திருக்க, அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமாயின், வெளியே ஒரு துளியும் ஒழுகாவிடினும் உள்ளே கிண்ணம் எண்ணெயைக் கசியவிடுகின்றது என்று ஐயுற வேண்டும். மொறிஸ் மைனரின் சிலின்டரோ சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே, சட்டத்தினுள் மறைந்து கிடப்பது. விரிப்பை நீக்கிக் குனிந்து பாராதார் அதன் நிலையை அறியார்.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது சிறிய தந்தையாரின் மொறிஸ் மைனரில் மிதிகட்டை இறங்கத் தொடங்கியது. கராச் ஒன்றிற்குக் கொண்டு சென்றோம். அவ்வண்டியில் சிலின்டரைக் கழற்றுதல் எளிதன்று. அதனைத் தாங்கும் நீண்ட ஆணிகளை வெளியே இழுக்க முன்சக்கரத்து முறுக்குத்தண்டு இடையூறாக நிற்கும். அரைநாள் உழைத்து அதனைக் கழற்றிய திருத்துநர், “உட்சுவரிற் கொஞ்சம் குழி இருக்கிறது ஐயா, என்ன செய்ய?” என்று கேட்டார். “றப்பரை மட்டும் மாற்றிவிடு தம்பி. புதியது வாங்கப் பணமில்லை” என்றார் சிறிய தந்தையார். அருகே நின்ற நானும் தலையசைத்தேன். ஆறு வாரங்கள் மிதிகட்டை கல்லைப்போல உறுதியாயிருந்தது. ஏழாம் வாரத்தில் ஒரு பாடசாலை விடும் நேரம். வெள்ளுடை அணிந்த பிள்ளைகள் வீதியைக் கடந்துகொண்டிருந்தனர். சிறிய தந்தையார் மிதித்தார். கட்டை தடையின்றித் தரையைத் தொட்டது. கைபிறேக்கை இழுத்து, கியரை இறக்கி, வேலியோரத்து மணலில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். ஒரு பிள்ளைக்கும் ஊறில்லை. ஆனால் அன்று கைபிறேக்கின் கம்பியும் துருப்பிடித்திருந்ததாயின் இக்கட்டுரையை நான் எழுதியிரேன்.

பின்னர்ப் பிரித்துப் பார்த்தபொழுது புதிய கிண்ணத்தின் விளிம்பு குழிபட்ட இடத்திற்கு நேரே கிழிந்திருந்தது. திருத்துநர்மேற் குற்றஞ் சுமத்துதல் எளிது. அவரோ உண்மையைச் சொன்னார்; கேட்டும் ஏற்காதவர் நாமே. பணத்தைக் கணக்கிட்ட நாம் அப்பிள்ளைகளைக் கணக்கிற் சேர்த்திலேம். அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

இனி எனது துணிபைக் கூறுவேன். சிலின்டரைப் பிரித்துக் கழுவி, நல்ல வெளிச்சத்திற் பிடித்து உட்சுவரைப் பார்க்க வேண்டும். அது கண்ணாடிபோல வழுவழுப்பாக, நகத்திற்குத் தட்டுப்படும் கீறலோ குழியோ இன்றி இருக்குமாயின், புதிய றப்பர்களை இட்டுப் புதுக்குதலே போதியது. முழுவதையும் எறிந்து புதியது வாங்குதல் வீண் செலவு. ஒரு குழியேனும் கிண்ணம் ஓடும் பாதையில் இருக்குமாயின், றப்பரை மட்டும் மாற்றுதல் எவ்வாற்றானும் ஆகாது. சிலர் சாணைக்கல்லைச் சுழற்றிக் குழியை அழிப்பர். மெல்லிய கறை அதனால் நீங்கும். ஆழ்ந்த குழி நீங்குமளவும் தேய்த்தால் துவாரம் பெருத்துக் கிண்ணம் தளரும். ஒரு குற்றத்தை நீக்க மற்றொன்றை உண்டாக்குவதாகவே அது முடியும்.

அத்தகைய சிலின்டருக்கு வழிகள் இரண்டு. ஒன்று, தேர்ந்த கடைச்சற் பட்டறையில் உட்சுவரைக் குடைந்து, பித்தளையாலோ துருவேறா உருக்காலோ ஆன குழலை உட்செலுத்தி, முன்னிருந்த அளவிற்கே கடைந்து கொள்ளுதல். ஈரத்தினால் துருவேறாமையின் இது பழையதினும் நெடுநாள் உழைக்கும். ஆயின் மேலே கூறிய நுண்டுளையை அக்குழலிலும் அதே இடத்தில், பிசிறின்றி இடுதல் வேண்டும். பிசிறு ஒன்று எஞ்சினாலும் அது கிண்ணத்தைச் சீவிவிடும். மற்றொரு வழி, புதிய சிலின்டரை வாங்கிப் பூட்டுதல். புதியது என்னும் பெயரால் மயங்குதல் கூடாது. பெட்டி திறவாது பல்லாண்டு அலுமாரியிற் கிடந்ததன் றப்பர் இறுகிப்போயிருக்கலாம். அண்மையில் வார்க்கப்பட்டதன் உட்புறம் செம்மையின்றி இருக்கலாம். ஆதலாற் புதியதையும் ஒருமுறை பிரித்துப் பார்த்தே பூட்டுதல் அறிவுடைமை. பட்டறை நம்பத்தக்கதாயின் முன்னையதையும், அன்றேற் பின்னையதையும் நான் மேற்கொள்வேன்.

பழமை பேணுவோர் சிலர், வண்டி பிறந்தபொழுது இருந்த உறுப்பே இருத்தல் வேண்டும் என்பர். குழலிட்டுப் புதுக்குதல் அவர்க்கும் உடன்பாடாகும், புறத்தோற்றம் மாறுவதில்லை. ஆனால் ஈரறைச் சிலின்டரைப் பொருத்துதல் பழமைக்குத் துரோகம் என்று அவர் கூறுங்கால், நான் உடன்படேன். காட்சிச்சாலையில் நிற்கும் வண்டிக்கு அவ்வாதம் தகும். பொதுவீதியில் ஓடும் வண்டி பிறர் உயிரோடு தொடர்புடையது. கைதேர்ந்தோர் கணக்கிட்டு அம்மாற்றத்தைச் செய்வாராயின் அதனை வரவேற்றலே முறை.

செலவு மிகும் என்பார்க்கும் ஒரு விடை உண்டு. ஏழைக் குடும்பத்திற்கு அச்செலவு பாரமே. அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் பணம் சேருமளவும் வண்டியை வீட்டில் நிறுத்தி வைத்தல் யாவர்க்கும் இயலும்.

சிலின்டரை மாத்திரம் திருத்தி அமைதலும் போதாது. அதன் அமுக்கம் முழுமையாகத் திரும்பியவுடன், சக்கரங்களிலுள்ள நலிந்த சிறு சிலின்டர்கள் ஒழுகத் தொடங்குதல் உண்டு. உள்ளே வீங்கிய பழைய றப்பர்க் குழாய்கள் எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பவிடாது தடுத்தலும் உண்டு. யாவற்றையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும். நமது கராச்சுகளில் எதனையும் மண்ணெண்ணெயாற் கழுவும் பழக்கம் நெடுநாளாக உள்ளது. பிறேக் உறுப்புகளுக்கு அது நஞ்சு; கனிய எண்ணெய் பட்ட றப்பர் வீங்கிக் கெடும். சுத்தமான பிறேக் எண்ணெயாலோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றாலோ கழுவுதலே தக்கது. காற்றை வெளியேற்றுங்கால், சிலின்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குதல் மரபு. அப்பொழுது பழைய சிலின்டரின் மிதிகட்டையை அடிவரை மிதித்தலாகாது. பல்லாண்டாகக் கிண்ணம் சென்றறியாத துருப்பகுதியில் அது சென்று கிழிய இடமுண்டு.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் பொறியியல் கற்கச் செல்வீர்கள். பலர் கார் ஓட்டுவீர்கள். யாவரும் வீதியில் நடப்பீர்கள். உங்கள் வீட்டில் பழங்கார் ஒன்று இருக்குமாயின், இவ்விடுமுறையில் அதன் தரைவிரிப்பை நீக்கிப் பாருங்கள். எண்ணெயின் நிறம் கருத்திருக்கின்றதோ, அளவு குறைந்திருக்கின்றதோ என்று நோக்குங்கள். மிதிகட்டையை ஒரு நிமிடம் மிதித்தவாறு வைத்து, அஃது இறங்குகின்றதோ என்று கவனியுங்கள். இறங்குமாயின், தந்தையாரிடம் பணிவோடும் உறுதியோடும் சொல்லுங்கள். திருத்துநர் குழி இருக்கிறதென்று சொல்லும்பொழுது, நான் அன்று அசைத்ததுபோலத் தலையசைத்து நில்லாதிருங்கள்.