சோழர் பாதி, மொகலாயர் மீதி

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று வரிசையாகப் பெயர் சொல்கிறது. இவர்களெல்லாம் அவருடைய ஆட்சி எல்லைக்கு வெளியே இருந்தவர்கள். மேரிலாந்தில் இருக்கும் ஃபிராக்ஸிஸ் என்ற விளையாட்டு நிறுவனம் அந்த எல்லையை இப்போது அழித்துவிட்டது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ ஆட்டத்தில் இந்தியாவுக்கென்று அவர்கள் போட்டிருக்கும் தடம் இது: தொன்மைக் காலத்தில் மௌரியர், கடலோடும் காலத்தில் சோழர், நவீன காலத்தில் மொகலாயர். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பி, கீழ்க்கடலுக்குக் கப்பல் அனுப்பிக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு கட்டத்தில் காலம் முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த திரையில் வேறொரு குடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாம் இராசேந்திரனோடு 1279-இல் சோழர் வரலாறு முடிகிறது. பாபர் பானிப்பட்டில் வென்றது 1526-இல். இடையில் கிடக்கும் பாண்டியர், விசயநகரம், நாயக்கர் எல்லாவற்றையும் ஒரு சொடுக்கு தாண்டிவிடுகிறது.

சிற்றிதழில் இதற்கு எதற்குத் தலையங்கம் என்று சில சந்தாதாரர்கள் கேட்பார்கள். வரலாற்றைப் பற்றி நம் பிள்ளைகள் மனத்தில் ஒரு வரைபடம் விழுகிறதென்றால், பாடநூலைவிட இந்த மாதிரி ஆட்டங்கள்தான் அதை ஆழமாக வரைகின்றன. இந்த இதழை நடத்துகிறவனே ரிச்சி தெருவில் வாங்கிய திருட்டுக் குறுந்தகட்டில் இரண்டாம் சிவிலைசேஷனை ஆடி வளர்ந்தவன்தான். அதனால் இதில் கொஞ்சம் பாசமும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்தே இருக்கும்.

சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து மைக்ரோபுரோஸ் நிறுவனத்துக்காகச் செய்த முதல் சிவிலைசேஷன் 1991-இல் வந்தது. கி.மு. 4000-இல் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு தொடங்குவீர்கள். சக்கரம், எழுத்து, வெண்கலம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கடைசியில் ஆல்ஃபா சென்டாரிக்கு விண்கலம் அனுப்பலாம். லிங்கன் தலைமையில் கற்கால அமெரிக்கர்கள் ஈட்டியோடு அலைவார்கள். வரலாற்று ஆசிரியர் எவரும் ஒப்பமாட்டார். ஆனால் ஆடுகிறவருக்கு அது அறுபடாத ஒரே இழை. முதல் நகரத்தை எந்த ஆற்றங்கரையில் வைத்தோமோ, அந்த முடிவின் பலனும் பாவமும் ஆறாயிரம் ஆண்டு கழித்து வந்து நிற்கும். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று விடிய விடிய உட்கார வைத்தது அந்த இழைதான்.

பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் முணுமுணுப்பவர்கள் என்பது உண்மை. 2010-இல் ஐந்தாம் பதிப்பு சதுரக் கட்டங்களை அறுகோணமாக்கி, ஒரு கட்டத்துக்கு ஒரே படைப்பிரிவு என்று விதித்தபோது, நான்காம் பதிப்பின் அன்பர்கள் ஒப்பாரி வைத்தார்கள். பிறகு 2012-லும் 2013-லும் வந்த விரிவாக்கங்கள் அதை நல்ல ஆட்டமாக்கின. அன்று மாறியது போர் விதி. இம்முறை கைவைத்திருப்பது இழையின் மேல்.

நிறுவனம் சொன்ன காரணத்தைக் கேட்டுவிடுவோம். தொடங்கிய ஆட்டத்தைப் பெரும்பாலானோர் முடிப்பதில்லை என்று வடிவமைப்புக் குழுவே பேட்டிகளில் சொன்னது. நடுவில் நகரங்கள் பெருகி, ஒவ்வொரு சுற்றும் நாற்பது காய்களை நகர்த்தும் கூலி வேலையாகிவிடுகிறது. யார் வெல்வார் என்பதும் தெரிந்துவிடுகிறது. எனவே ஆட்டத்தை மூன்று காலங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு நெருக்கடியை வைத்து, பலகையைத் துடைத்துவிட்டார்கள். வெளியானபோது இருந்தபடி, காலம் மாறியதும் நடந்துகொண்டிருந்த போர்கள் நின்றுபோகும். தலைநகர் தவிர மற்ற நகரங்களில் பெரும்பாலானவை சிற்றூர்களாக இறங்கிவிடும்.

நோயைச் சரியாகப் பார்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. முடிக்காமல் விடுவது பழைய ஆட்டக்காரரின் வழக்கம். முதல் நூறு சுற்றுகளில்தான் உயிர் இருக்கிறது: தெரியாத நிலம், முதல் அண்டை அரசன், எங்கே இரும்பு கிடைக்கும் என்ற பதைப்பு. அது தீர்ந்ததும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம், ஆயிரக்கணக்கான மணி நேரம் அப்படியே ஆடியிருக்கிறோம். கணக்கேட்டில் அது ‘முடிக்காதவர்’ என்று பதிவாகிறது. வாடிக்கையாளர் எங்கே எழுந்து போகிறார் என்று மட்டும் பார்க்கும் கண்ணுக்கு, அவர் மறுநாள் காலையில் திரும்பி வந்து உட்காருவது தெரிவதில்லை.

வரலாறு அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது என்பது அவர்கள் முன்வைத்த இன்னொரு வாதம். இலண்டனை உதாரணம் காட்டினார்கள்: உரோமர், சாக்சன்கள், நார்மன்கள் என்று ஒன்றன்மேல் ஒன்று. லிங்கனின் கற்காலத்தைவிட இது எவ்வளவோ அறிவுள்ள பார்வை, ஒப்புக்கொள்கிறேன். மதுரையை அப்படி ஆடிப் பார்க்கக் கசக்குமா என்ன? ஆனால் இலண்டனைக் காட்டிப் பேசிய ஆட்டத்தில், வெளியான நாளில், நவீன காலத்துக்குப் பிரிட்டன் இல்லை. மார்ச்சில் வந்த தனி விலைத் தொகுப்பில் கார்த்தேஜோடு சேர்ந்து வந்தது. வெளியானபோது அடிப்படை ஆட்டம் 70 டாலர். நூறும் நூற்று முப்பதும் கொடுத்தவர்களுக்கு பிப்ரவரி 6-ஆம் தேதியே கதவு திறந்தது. மற்றவர்கள் 11 வரை காத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து அடிப்படை ஆட்டத்தில் இருந்த தலைவர் அசோகர் ஒருவர்தான். ஜான்சி இராணி லட்சுமிபாய் பிறகு விலைக்கு வந்தார். இந்தப் பதிப்பில் குடிகளையும் தலைவர்களையும் தனித்தனியாகப் பிரித்ததற்கு வடிவமைப்புக் காரணம் இருக்கலாம். பிரித்தபின் தனித்தனியாகப் பொட்டலம் கட்டுவது எளிதாகிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். சரக்கு அரைவேக்காடாக வந்தது. திரை அமைப்பு எதையும் விளக்கவில்லை. எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை. நகரத்துக்கு நாம் விரும்பும் பெயர் வைக்க முடியவில்லை. பெரிய வரைபடங்கள் இல்லை. எல்லாவற்றையும் மிஞ்சியது இது: வெற்றிக்குப் பிறகும் தொடர்ந்து ஆடுவதற்கான ‘இன்னும் ஒரு சுற்று’ பொத்தானே இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தொடரின் மறுபெயராக வழங்கிய சொல் அது! பிறகு மேம்பாட்டில் சேர்த்தார்கள்.

ஏன் இந்த அவசரம்? சிவிலைசேஷன் உரிமையும் ஃபிராக்ஸிஸும் 2005 வாக்கில் டேக்-டூ நிறுவனத்தின் கைக்குப் போயின. பங்குச்சந்தையில் இருக்கும் அந்த நிறுவனத்தின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரி 11-க்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் தாள் எதுவும் இல்லை. ஆனால் அதே டேக்-டூதான் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’ ஆட்டத்தை 2025-இலிருந்து 2026 மேக்கும், அங்கிருந்து நவம்பருக்கும் தள்ளிவைத்தது. இன்னும் மெருகேற்ற வேண்டும் என்ற அந்தப் பொறுமை மூத்த பிள்ளைக்கு மட்டும்தான் போலிருக்கிறது. விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. 2025-இல் நாள் கணக்காக, மாதக் கணக்காக, ஸ்டீம் தளத்தில் ஏழாம் பதிப்பை ஆடியவர்களைவிட 2016-இல் வந்த ஆறாம் பதிப்பை ஆடியவர்கள் அதிகம். பல நாள்களில் ஐந்தாம் பதிப்புகூட முந்தியது.

செப்டம்பரில் ஃபிராக்ஸிஸில் ஆட்குறைப்பு நடந்தது. இதில்தான் எனக்கு உண்மையான கோபம். இந்த ஆட்டத்தில் நல்ல கைகள் வேலை செய்திருக்கின்றன என்பது சோழர் பகுதியைப் பார்த்தாலே தெரியும். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயரில் இரண்டு கட்டடங்களைக் கொடுத்து, அவை சேர்ந்தால் ஐந்நூற்றுவர் வணிக வளாகம் உருவாகும்படி வைத்திருக்கிறார்கள். சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வரும் அதே ஐந்நூற்றுவர். நம் ஊரில் சோழர் என்றால் வாளும் குதிரையும் காட்டும் சினிமாக்காரர்களுக்குத் தோன்றாத ஒன்று: சோழரின் கடலைத் திறந்து வைத்திருந்ததில் வணிகக் குழுக்களுக்கு இருந்த பங்கு. யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். காந்தியை வைத்து முழு இந்தியாவையும் ஒரே நிறமாகப் பூசிய பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். இப்படிப் படித்துச் செய்கிறவர்கள் கீழே இருக்க, வெளியீட்டு நாளையும் பொட்டலங்களையும் முடிவு செய்கிறவர்கள் மேலே இருக்கிறார்கள். கணக்கு தப்பும்போது சீட்டு கிழிவது கீழே.

2025-இன் இறுதியில் நிறுவனம் இறங்கி வந்தது. ஒரே குடியோடு எல்லாக் காலங்களையும் ஆட வழி செய்கிறோம் என்று அறிவித்தார்கள். மூத்த ஆட்டக்காரர்கள் முதல் வாரத்திலேயே கேட்டது அதைத்தான். வரவேற்கிறேன். ஆனால் காலத்துக்கொரு குடி என்று வெட்டித் தைத்த சட்டையை ஒரே துணியாக மாற்றுவது லேசான வேலை இல்லை. இப்போது சோழருக்கு என்று இருக்கும் கட்டடங்கள், படைகள், மரபுகள் எல்லாம் நடுக்காலத்துக்கு மட்டும் எழுதப்பட்டவை. கி.மு. 4000-இலிருந்து அவர்களை ஆட விட்டால் தொன்மைக் காலத்தில் என்ன கொடுப்பார்கள்? எல்லாருக்கும் பொதுவான களஞ்சியமும் மதிலும் கொடுத்து, பெயரை மட்டும் சோழர் என்று வைத்தால் அது ஏமாற்று. காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகமும் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையும் வர வேண்டும். நவீன காலத்துக்கு, 1279-இல் முடியாத ஒரு சோழ நாட்டைத் துணிந்து கற்பனை செய்ய வேண்டும். மணிக்கிராமத்தைத் தேடிப் படித்த அந்தக் கைகளால் இது முடியும், அவர்கள் இன்னும் வேலையில் இருந்தால். வந்த பிறகு அதற்குத் தனி விலைச்சீட்டு ஒட்டுவார்களா என்பதை அடுத்த இதழுக்குள் தெரிந்துகொண்டால் எழுதுகிறேன்.