தூண்களைப் பெயர்ப்பது யார்?

அண்மையில் நாம் நம் துணைவியாருடன் தரங்கம்பாடியிலிருந்து காயல்பட்டினம் வரை கடலோரமாகவே காரில் சென்று வந்தோம். மகிழ்ச்சியோடு புறப்பட்டோம், மனவேதனையோடு திரும்பினோம்.

1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் டேனிஷ்காரர்கள். அவர்கள் 1620-இல் எழுப்பிய கோட்டையை இன்றும் தொல்லியல் துறை காத்து நிற்கிறது. நாகூர் தர்காவின் பெரிய மினாராவை எழுப்பியவரோ தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில் கல்தூண்களைச் செதுக்கியது தமிழ்ச் சிற்பியின் உளி. ஆயினும் அவற்றில் உருவம் ஒன்றுமில்லை, பூவும் கொடியுமே உண்டு. தமிழும் தீனும் கைகோத்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால், வழியில் ஓரூரில் கண்டதென்ன? பள்ளியின் பழந்தூண்கள் கிணற்றடியில் துணி துவைக்கும் கற்களாய்க் கிடந்தன! "இவற்றில் சாய்ந்து ஓதிய பிள்ளைகள் எத்தனை பேரோ" என்று துணைவியார் கண்கலங்கினார். "கோயில் போலிருந்தது, இடித்துவிட்டோம்" என்றார் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர்.

நாம் கேட்கிறோம்: மதீனாவில் பெருமானார் (ஸல்) எழுப்பிய பள்ளிக்குக் குப்பா இருந்ததா? மினாரா இருந்ததா? பேரீச்சமரத் தூண்களும் ஓலைக் கூரையுமே இருந்தன. அந்தந்த மண்ணில் கிடைத்ததைக் கொண்டு இறையில்லம் எழுப்பினர் நம் முன்னோர். அதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

தொழுவோர் பெருகியது அல்லாஹ்வின் அருள். இடம் போதாதெனில் அருகே விரித்துக் கட்டட்டும். பழையதை ஏன் இடிக்க வேண்டும்? "இம்மண்ணில் உங்கள் வேர் எங்கே?" என்று நாளை எவரேனும் கேட்டால், காட்டுவதற்குக் கல்லேனும் மிஞ்ச வேண்டாமா? ஜமாஅத்தார் சிந்திப்பார்களாக!