சங்கத்துக்கும் விதைக் கரும்பு வேண்டும்

கரும்பு போடுகிற விவசாயிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அடுத்த நடவுக்கு வேண்டிய கரணையை முற்றிய கரும்பிலிருந்தோ, கட்டைக் கரும்பிலிருந்தோ விவரமறிந்தவர் யாரும் எடுப்பதில்லை. அதற்கென்று தனியே விதைக் கரும்பு வளர்த்து, 6, 7 மாதப் பயிராக இருக்கும்போதே வெட்டிக் கொள்கிறோம். திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற நம் பகுதியில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாம் நடத்தும் சங்கங்களில் மட்டும் இந்த யோசனை ஏன் வருவதில்லை?

திருத்தணிக்கு அருகே எனக்குத் தெரிந்த ஒரு சிறு பால் சங்கம். தலைவர் கை சுத்தமானவர். 15 வருஷமாக வரவு செலவு, பாங்கிக் கணக்கு, அதிகாரிகளோடு பேச்சு எல்லாம் அவரே. ஒரு நாள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பீரோ சாவி இருக்குமிடம் அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. பேரேட்டில் எழுதியிருப்பதன் அர்த்தம் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் பால் பணம் பட்டுவாடா ஆகவில்லை. தீவனத்துக்குக் கடன் வாங்கி வட்டி கட்டியவர்கள் உறுப்பினர்கள்தாம்.

பெரிய சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. கோவை நாராயணசாமி நாயுடுவை மறந்திருக்க மாட்டீர்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970ல் கிளர்ச்சி. 1972ல் கோவை நகரத்தையே மாட்டு வண்டிகளால் நிறைத்து, அரசாங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு வரவழைத்தார். 1984 டிசம்பர் 21ந் தேதி கோவில்பட்டியில் காலமானார். அதன் பிறகு தமிழக விவசாயிகள் சங்கம் ஒன்றாக நிற்கவில்லை, பல பிரிவுகளாயிற்று. பிரிந்து போனவர்களைக் குறை சொல்வது எளிது. 1982ல் கட்சி தொடங்கியதுதான் காரணம் என்பவர்களும் உண்டு, இருக்கலாம். அடுத்தவர் யார் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி தீர்மானிக்க ஒரு வழி இல்லாமற் போனதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

குஜராத்தில் 1946ல் கேடா ஜில்லா பால் சங்கத்தைத் தொடங்கிய திரிபுவன்தாஸ் படேல் வேறு விதமாக நடந்தார். 1949ல் ஆனந்துக்கு வந்த இளைஞர் வர்கீஸ் குரியனிடம் நிர்வாகத்தை நம்பி விட்டார். 1970களின் தொடக்கத்தில் தலைவர் பதவியையும் தாமாகவே துறந்தார். (அதே குரியன், 84 வயதில், 2006ல் மனக்கசப்போடு பதவி விலக நேர்ந்தது. மேதைகளுக்கும் இது கஷ்டமான காரியந்தான் போலும்!)

மகாசபையில் தீர்மானப் புத்தகத்தை ஒவ்வொரு தடவையும் வேறொருவர் உரக்கப் படிக்கட்டும். பாங்கிக்குப் போகும்போது ஓர் இளைஞரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சலானை அவரே எழுதட்டும். பிழை செய்வார், செய்யட்டும். 200 ரூபாயில் பிழை செய்து கற்றவர் 2 லட்சத்தில் தடுமாற மாட்டார். மாட்டைக் கட்டி மேய்ப்பதும் பால் கறப்பதும் பெரும்பாலும் பெண்கள். கணக்கு மட்டும் ஏன் ஆண்கள் கையிலேயே இருக்க வேண்டும்? தலைவரின் மகனையே அடுத்த தலைவராக்குவதும் சரியல்ல. நிலம் தகப்பனுடையது, சங்கம் பங்கு போட்ட எல்லோருடையது.

மேலே சொன்ன பால் சங்கத்தில் இப்போது ஒரு கறவைக்காரரின் மருமகள் பேரேடு எழுதுகிறார். பழைய தலைவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஞாயிறுதோறும் வந்து பக்கத்தில் உட்காருகிறார். பேச்சுத் தெளிவில்லை, தப்பு இருக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டுகிறார்.