கியர்பாக்ஸைக் கழற்றும் முன்...

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி ஒன்று உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி 'டங்' என்று உதைக்கும். பக்கத்தில் இருப்பவர் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்!"

இருபது முப்பது வயதான வண்டிக்கு அந்த வேலை செய்தால், பல நேரம் வண்டி விலையையே தொட்டுவிடும். அந்த வண்டியை நம்பித்தான் ஒரு தச்சரோ தோட்டக்காரரோ பிழைப்பு நடத்திக்கொண்டிருப்பார். காரணம் தெரியாமலே கியர்பாக்ஸை இறக்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றும் பூதம் இல்லை. உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளை ஆயில் அழுத்தம்தான் பிடிக்க வைக்கிறது. அழுத்தம் குறைந்தால் வழுக்கும். கூடினால் உதைக்கும். ஆக, உதைக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அழுத்தம் ஏன் கூடியது?" என்பதே.

செவர்லே பிக்கப்புகளில் 1993-ல் வந்த 4எல்60-ஈ கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் ஆயில் அழுத்தத்தை ஒரு மின் சோலனாய்டு கட்டுப்படுத்துகிறது. அதற்கு வரும் கரண்ட் நின்றுபோனால் அழுத்தம் குறையாது, உச்சத்துக்குப் போய்விடும்! கிளட்ச் வழுக்கி எரிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கியர் மாற்றும் சோலனாய்டுகளுக்கும் கரண்ட் இல்லையென்றால் வண்டி மூன்றாவது கியரிலேயே கிளம்பும். ஒரு ஃபியூஸ் போனாலோ கனெக்டர் தளர்ந்தாலோ இதெல்லாம் நடக்கலாம். கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பார்ப்பவர் அது செத்துவிட்டது என்கிறார்.

அதற்கு முன்பு, 1982-ல் வந்த 700ஆர்4-ல் ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து இயங்கும் ஒரு கேபிள் அழுத்தத்தைத் தீர்மானித்தது. அது அதிகம் இறுகியிருந்தால் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் விழும். தளர்ந்திருந்தால் இன்னும் மோசம், அழுத்தம் குறைந்து கிளட்ச் எரியும். கேபிளைச் சரிசெய்ய எதையும் இறக்க வேண்டியதில்லை.

சரி, எங்கே தொடங்குவது? ஆயிலில்தான். சமதரையில், எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். செவர்லேயில் லிவர் பார்க்கில் இருக்க வேண்டும், பழைய டாட்ஜ் பிக்கப்பில் நியூட்ரலில். இதை மாற்றிச் செய்தால் அளவே தப்பாகக் காட்டும். அடுத்தது கோட். 1996 முதல் அமெரிக்காவில் ஓபிடி-2 கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய வண்டி என்றால் ஒரு ஸ்கேனரைச் செருகினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். பிறகு வண்டிக்கு அடியில். புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருந்தாலும், கியர்பாக்ஸ் மவுண்ட் கிழிந்திருந்தாலும் அதே 'டங்' சத்தம்தான் வரும். பழி மட்டும் கியர்பாக்ஸுக்கு!

4எல்60-ஈ-யில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது மட்டும் உதைத்தால், அந்த அதிர்ச்சியைத் தாங்கும் அக்குமுலேட்டர் பிஸ்டன் உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆயில் பேனைக் கழற்றினால் அதை மாற்றிவிடலாம். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கும்.

"பழைய வண்டிக்கு ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும்" என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலர் ஆயிலை நினைத்துப் பார்க்கிறார்கள். கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்து போயிருக்கும், கெட்ட பெயர் புது ஆயிலுக்கு.

உண்மையிலேயே செத்துப்போன கியர்பாக்ஸும் உண்டு, மறுக்க முடியாது. ஆயில் கருத்து, கருகிய வாடை அடித்து, பேனில் உலோகத் துண்டுகள் கிடந்து, எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகராமல் நின்றால் பிரித்தே ஆக வேண்டும். காந்தத்தில் ஒட்டிய மெல்லிய சாம்பல் நிறச் சேறு மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அது சாதாரணத் தேய்மானம். இந்த வித்தியாசத்தைக் காட்டித்தருவதும் இதே சோதனைகள்தான்.

நல்ல மெக்கானிக் முதலில் கேள்வி கேட்பார். சூடானால் உதைக்கிறதா? குளிரிலா? எந்தக் கியரில்? டிப்ஸ்டிக்கைக் கூட இழுத்துப் பார்க்காமல் ரேட் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.