ஏலத்தில் வண்டி வருகிறது, ஆர்சி எப்போது வரும்?

மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வாகனங்களுக்குப் பொது ஏலம் என்று நாளிதழில் அறிவிப்பு வந்துவிட்டால் ஆயுதப்படை மைதானத்தில் கூட்டம் கூடிவிடும். முன்பணம் கட்டி, ஆதார் நகல் கொடுத்து டோக்கன் வாங்கியவர்கள் வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க வழியில்லை. பல வண்டிகள் ஸ்டார்ட்கூட ஆகாது. பானெட்டைத் தூக்கினால் பேட்டரி இருந்த இடத்தில் ஒயர் முனைகள் தொங்கும். மிச்ச ஒயரிங்கை எலி கடித்திருக்கும். வெயிலிலும் மழையிலும் நின்ற டயர்கள் தரையோடு தட்டையாகி, பக்கவாட்டில் வெடித்திருக்கும்.

வெளியே மூன்று லட்சம் பெறக்கூடிய கார் இங்கே ஒன்றரை லட்சத்துக்குப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27,000 ரூபாய். இழுத்துச் செல்லும் வண்டிக்கு வாடகை, நான்கு டயர், பேட்டரி, ஒயரிங், புதிய இன்சூரன்ஸ் என்று கூட்டிப் பாருங்கள். கிடைத்ததாக நினைத்த லாபத்தில் பெரும்பகுதி மெக்கானிக் ஷெட்டிலேயே கரைந்துவிடும். அப்படியும் வாங்குபவர்மீது தவறில்லை. பழைய வண்டியின் உடல்நிலை வாங்குபவர் பொறுப்பு என்பது நியாயமான நிபந்தனைதான்.

என் வாதம் வண்டியைப் பற்றியதல்ல, ஆவணத்தைப் பற்றியது. ஏலத்தில் எடுத்த வாகனத்தைப் பெயர் மாற்ற மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57-வது விதி இருக்கிறது. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32-ஐ நிரப்பி ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனைச் சான்று, ஏலத்துக்கு அனுமதித்த அரசாணையின் சான்றிட்ட நகல், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். சாராயம் கடத்திவிட்டுத் தலைமறைவானவர் ஆர்சியைப் போலீஸிடம் கொடுத்துவிட்டா போயிருப்பார்? ஆர்சி கிடைத்தாலும் அதில் ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் பதிவு நிற்கும். நம்பர் பிளேட்டே போலியாக இருந்தால் என்ன செய்வது என்றும் அதே விதி சொல்கிறது: ஏலம் விடும் துறையின் பெயரில் புதிய பதிவு எண் கொடுத்து, பிறகு வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இத்தனையும் தெளிவாக எழுதியிருக்கும்போது, அதை நடத்தி முடிக்கும் அலைச்சலை ஏலம் எடுத்தவர் தலையில் கட்டுவது எப்படி நியாயம்? காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் ஒரே அரசின் இரண்டு கைகள். ஒரு கை விற்றதை இன்னொரு கை பதிய மறுத்தால் பணம் கட்டியவர் யாரிடம் முறையிடுவார்?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 14-வது பிரிவில், விற்பவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை உண்டு என்பதையே விற்பனையின் உட்கிடையான நிபந்தனையாக வைத்திருக்கிறது. ஏல நிபந்தனையில் வரும் 'உள்ளது உள்ளபடி' என்ற வரி துருவுக்கும் பள்ளத்துக்கும் பொருந்தலாம். உரிமைக் குழப்பத்தை அதற்குள் ஒளித்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தாமதம் இன்னொரு கொடுமை. பறிமுதலான வாகனங்களைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டு வைப்பதில் பயனில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. உரிமையாளரோ இன்சூரன்ஸ் நிறுவனமோ கேட்டு வராத வண்டியை விற்க, ஆறு மாதத்துக்குள் உத்தரவிட வேண்டும் என்றது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் 497-வது பிரிவில் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது: 14 நாளுக்குள் பட்டியலும் படமும், அதன்பின் 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்ற உத்தரவும். மதுவிலக்குச் சட்டம், ரேஷன் அரிசி கடத்தலுக்குப் பாயும் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் ஆகியவற்றின் பறிமுதலுக்குத் தனி வழி உண்டு. உரிமையாளருக்கு நோட்டீஸ், விசாரணை, மேல்முறையீடு எல்லாம் வேண்டும்தான். வண்டியை வாடகைக்கு விட்டு ஏமாந்தவரும் அந்த உரிமையாளர்களில் இருப்பார். ஆனால் அந்தக் காலமெல்லாம் வண்டி மேற்கூரைகூட இல்லாமல் மட்கினால் வழக்கில் வென்றவருக்கும் பயனில்லை, அரசு கஜானாவுக்கும் பயனில்லை.

இதில் ஆதாயம் பார்ப்பவர்கள் காயலான் கடைக்காரர்களும், மாதக்கணக்கில் ஆர்டிஓ வாசலில் ஆள் நிறுத்தி வைக்கத் தெம்புள்ள வியாபாரிகளும்தான். அவர்கள் சிண்டிகேட் சேர்ந்துகொண்டால் புதிதாக வந்தவர் வாயைத் திறக்க முடியாது. எம்எஸ்டிசி போன்ற அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் இந்த மிரட்டல் குறையும். ஆவணச் சிக்கல் அங்கேயும் தீராது. அரசு அலுவலக ஜீப், அம்பாசிடர் ஏலத்தை நம்பியிருந்தவர்களுக்கோ 2023 ஏப்ரல் முதல் அந்தக் கதவும் ஏறக்குறைய சாத்தப்பட்டுவிட்டது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை உடைப்புக்குத்தான் போகின்றன.

ஏலப் பட்டியலில் இன்று வண்டி எண்ணும் மாடலும் போட்டால் போதும் என்றிருக்கிறார்கள். சேஸிஸ் எண் சரிபார்த்தாயிற்றா, கடன் பதிவு நீங்கிவிட்டதா, வரி பாக்கி எவ்வளவு என்ற விவரங்களையும் சேர்த்து ஒரு வாரம் முன்பே ஒட்ட வேண்டும். இவை முடியாத வண்டியை ஏலத்துக்கே கொண்டுவரக் கூடாது. ஏல நாளில் மைதானத்திலேயே போக்குவரத்துத் துறை ஊழியர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து, விற்பனைச் சான்றோடு படிவம் 32-ஐயும் அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதுவரை ஏலத்துக்குப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போவதற்கு முன்பே பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். மைதானத்தில் சேஸிஸ் தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து இடித்தாலும், தேய்த்த தடம் தெரிந்தாலும் விலை எவ்வளவு மலிந்தாலும் கேட்காதீர்கள்.