பனிக்கும் ஒரு தட்டி

வட அமெரிக்க வீடுகளின் உறுப்புகளுள் எமது மனத்துக்கு மிக நெருக்கமானது எதுவென்று கேட்டால், வலையடித்த விறாந்தை என்றே சொல்வோம். மேலே கூரை, கீழே பலகைத் தளம், மூன்று பக்கமும் நுளம்புவலை, உள்ளே இரண்டு கதிரைகள். அது முற்றிலும் வீட்டுக்குள் இருப்பதுமில்லை, முற்றிலும் வெளியில் இருப்பதுமில்லை. தெருவைப் பார்த்தபடி இருக்கலாம்; தெரு நம்மைத் தொந்தரவு செய்யாது. திண்ணையை இழந்து வந்தவர்களுக்கு இந்த நாடு தந்த சிறிய ஈடு அது.

இந்த வலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1860-களில் கனெக்ரிக்கற் மாநிலத்தில் சல்லடை செய்துவந்த ஓர் ஆலை, தன் கம்பிவலையை யன்னல்களுக்கு விற்கத் தொடங்கியது. 1897-இல் றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் மலேரியாக் கிருமியை நுளம்பின் வயிற்றில் கண்டறிந்த பிறகு, வசதிக்காக மாட்டிய வலை உயிர்காக்கும் பொருளாக மதிப்புப் பெற்றது. ஆக, இந்த விறாந்தையின் பிறப்பே கோடைக்கானது. பூச்சியைத் தடுத்துக் காற்றை விடுவது அதன் தொழில். பனிக்காலத்தில் அந்தத் தொழிலே அதற்குப் பகையாகிறது. காற்றோடு பனித்துகளும் வலைக்குள் நுழைகிறது. ஈரப்பனி வலைக்கண்களில் ஒட்டி, பாரத்தால் வலையைத் தொய்ய வைக்கிறது. பகலில் உருகியது இரவில் பலகை இடுக்குகளில் உறைகிறது. நான்கைந்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தால் தளம் உக்கத் தொடங்கும்.

ஆனால் நாம் இங்கே பலகைக்காக மட்டும் கவலைப்படவில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகளோடு வாழும் எமது முதியவர்களை நினைத்துப் பாருங்கள். மே மாதம் முதல் ஒக்ரோபர் வரை அந்த விறாந்தைதான் அவர்களுக்கு உலகம். பத்திரிகை வாசிப்பதும், கீரை ஆய்வதும், தெருவில் போகிறவர்களுக்குத் தலையசைப்பதும் அங்கேதான். நவம்பரில் கதவு பூட்டப்படுகிறது. அதன்பின் ஐந்து மாதம் தொலைக்காட்சியும் சுவரும்தான் துணை. இந்த ஐந்து மாதத்தில் இரண்டையாவது மீட்டுக் கொடுக்க முடியுமா என்பதே எமது கேள்வி. முடியும், அதுவும் அதிகச் செலவில்லாமல் முடியும் என்பது எமது துணிபு.

சந்தை சொல்லும் விடை வேறு. விறாந்தையை நிரந்தர அறையாக மாற்றுங்கள், இரட்டைக் கண்ணாடி போடுங்கள், வெப்பக்குழாய் இழுங்கள் என்கிறது. அந்த விடை ஏன் அவ்வளவு விலைபோகிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே, அதாவது சுமார் 1.2 மீற்றருக்குக் கீழே, அத்திவாரம் இறங்க வேண்டும். பழைய விறாந்தைகள் பலவற்றுக்கு அப்படியொரு அத்திவாரமே கிடையாது. தரைக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு இல்லை. நகரசபை அனுமதி வேறு வேண்டும். எல்லாவற்றையும் செய்து முடித்தால் கிடைப்பது வீட்டுக்குள் இன்னோர் அறை. விறாந்தை போய்விடும்.

வெப்பத்தைத் துரத்தாதீர்கள், காற்றையும் பனியையும் மட்டும் தடுங்கள் என்பதே நாம் சொல்ல விழைவது. யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கும்போது விறாந்தைக்குக் கிடுகுத் தட்டி கட்டியவர்கள் மழையை நிறுத்த முயலவில்லை, தூவானத்தை மட்டும் மறித்தார்கள். மாரி முடிந்ததும் தட்டியை அவிழ்த்து வைத்தார்கள். அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

எப்படியென்று எண்களைக் கொண்டு பார்ப்போம். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்திவரும் குளிர்காற்றுச் சுட்டெண்ணின்படி, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியஸாக இருந்து, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைபோல் இருக்கும். அந்தப் பத்துப் பாகையைத் திருடுவது காற்று. ஒரு பிளாஸ்ரிக் தாள் அதை மறிக்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம்.

அடுத்த துணை சூரியன். ரொறன்ரோவில் யூன் மாதத்து உச்சி வெயில் அடிவானத்திலிருந்து சுமார் 70 பாகை உயரத்தில் நிற்கிறது. கூரையின் இறவாரம் அதை மறைத்துவிடும். டிசம்பர் பிற்பகுதியில் அது 23 பாகைக்குத் தாழ்ந்துவிடுகிறது. அப்போது தெற்கு நோக்கிய விறாந்தையின் பின்சுவர்வரை வெயில் நீளும். காற்று மறிக்கப்பட்ட இடத்தில் அந்த வெயில் தங்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் தெளிவான மதியங்களில், மேலங்கியும் போர்வையுமாக ஒரு மணி நேரம் அமர்ந்து தேநீர் குடிக்க அது போதும். வடக்கு நோக்கிய விறாந்தைக்கு இந்தப் பேறு இல்லை. அங்கே பனியைத் தடுத்துத் தளத்தைக் காப்பதோடு நின்றுகொள்வதே விவேகம்.

இனி வழிகளைச் சொல்வோம், மலிவானதிலிருந்து தொடங்கி.

முதலாவது, பொலித்தீன் தாள். கட்டடப் பொருட் கடைகளில் சுருளாகக் கிடைக்கும் 0.15 மில்லிமீற்றர் தடிப்பான தாளே போதுமானது. அதை விறாந்தைச் சட்டத்தில் வெறுமனே கம்பியூசியால் அடித்தால் முதற்காற்றிலேயே கிழியும். தாளின் ஓரத்தை மெல்லிய மரச்சலாகையில் ஒரு சுற்றுச் சுற்றி, சலாகையைச் சட்டத்தோடு திருகாணியால் முடுக்க வேண்டும். அப்போது காற்றின் இழுவை ஒரு புள்ளியில் விழாமல் ஓரம் முழுவதும் பரவும். ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவுக்குள் இது அடங்கிவிடும். குறையும் உண்டு: பார்வை மங்கலாகும், வெயில் பட்டு ஓரிரண்டு பருவங்களில் தாள் நொறுங்கும்.

இரண்டாவது, தெளிந்த வைனில் திரை. அரை மில்லிமீற்றர் தடிப்பில், ஓரத்தில் வளையமோ இழுவைப் பூட்டோ வைத்துத் தைத்தது. தெரு தெளிவாகத் தெரியும். பல ஆண்டுகள் உழைக்கும். வாடகை வீட்டில் இருப்போருக்கு இதுவே உகந்தது. போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் கடுங்குளிரில் வைனில் விறைத்துவிடும். அந்நிலையில் சுருட்டினாலும் மடித்தாலும் வெடிக்கும். ஆகவே ஒக்ரோபரிலேயே மாட்டி, ஏப்ரல் வெயிலில் கழற்றுங்கள்.

மூன்றாவது, தகடுகள். வலை தனிச்சட்டங்களில் பூட்டப்பட்டிருந்தால் அவற்றைக் கழற்றி, அதே இடத்தில் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் தகட்டையோ 6 மில்லிமீற்றர் இரட்டைச்சுவர்ப் பொலிகார்பனேற்றையோ பொருத்தலாம். அக்ரிலிக் கண்ணாடிபோல் தெளிவானது. பொலிகார்பனேற்றினூடாகத் தெரு மங்கலாகத் தெரியும், ஆனால் ஒற்றைக் கண்ணாடியைவிடக் குளிரை நன்றாகத் தாங்கும். இரண்டும் வெப்பத்துக்குக் கண்ணாடியைவிடப் பலமடங்கு விரிந்து சுருங்குபவை. 50 பாகை வேறுபாட்டில் ஒரு மீற்றர் நீளத் தகடு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் மாறும். ஆகையால் ஓரங்களில் இடைவெளி விட்டு, திருகாணித் துளைகளை ஆணியைவிடப் பெரிதாகத் துளையிட வேண்டும். இல்லையேல் தகடு வெடிக்கும்.

நான்காவது, பழைய புயல் யன்னல்கள். வீடுகளை இடிக்கும்போது கழற்றப்படும் நல்ல யன்னல்கள், ஹபிற்றாற் ஃபோர் ஹியுமானிற்றி அமைப்பின் ரீஸ்ரோர் கடைகளில் மிகக் குறைந்த விலைக்கு வரும். இவ்வகைக் கடை முதன்முதலில் 1991-இல் வின்னிபெக்கில் திறக்கப்பட்டது. குளிருக்குப் பேர்போன நகரொன்றில் அது தொடங்கியது பொருத்தமே. அளவு எழுதிய காகிதத்தோடு போங்கள். பொறுமையும் கொண்டு போங்கள்.

எந்த வழியானாலும் தளத்தை மறவாதீர்கள். பலகை இடுக்குகளினூடாக மேலேறும் காற்று, பக்கத்தில் மறித்ததையெல்லாம் பயனற்றதாக்கிவிடும். ஒட்டுப்பலகையும் அதன்மேல் ஒரு பழைய கம்பளமும் விரித்தாலே பெரிய வேறுபாடு தெரியும். மூடும்போது உச்சியில் ஒரு சிறு இடைவெளி விடுங்கள். வீட்டிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த தாளில் படிந்து உறைவதை அது குறைக்கும். வெளியேறும் கதவை ஒருபோதும் மூடிவிட வேண்டாம். தீ விபத்தில் அதுவே வழியாகலாம்.

இனிச் சொல்வதில் நாம் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மூடிய விறாந்தைக்குள் புறொப்பேன் அடுப்பையோ கரிச்சட்டியையோ கொண்டுபோகாதீர்கள். அவற்றிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. தூக்கம் வருவதுபோல் வந்து ஆளை முடிக்கும். 2013 டிசம்பர் உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின்னிணைப்புகள் அறுந்தபோது, கரியடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது. மின் ஹீற்றருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆயினும் 1500 வாற் ஹீற்றர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 360 அலகு மின்சாரம் போகும். வெப்பக்காப்பில்லாத கூரைக்குக் கீழே அதில் பெரும்பகுதி வானத்துக்கே காணிக்கை.

கூரைப் பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். 10 சதுர மீற்றர் கூரையில் 30 சென்ரிமீற்றர் உலர்பனி விழுந்தால் சுமார் 300 கிலோ. அது ஈரம் ஊறிய பனியானால் அதைப்போல் மூன்று மடங்கு. மேற்கூரையிலிருந்து சரிந்து விழுவது தனிக்கணக்கு. நீண்ட கைபிடிகொண்ட பனிவாரியால் தரையில் நின்றபடியே இழுத்துவிடுங்கள். ஏணியில் ஏற வேண்டாம்.

இவ்வளவும் செய்து சூடும் இல்லையென்றால் எதற்கு என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சனவரியின் கடுங்குளிர் நாட்களில் அங்கே யாரும் உட்கார முடியாது. மூட்டுவலிக்காரருக்கும் இதய நோயாளருக்கும் அப்படி உட்காரச் சொல்வதும் தகாது. ஆனால் நவம்பரின் கடைசிவரையும், பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பின்னும், வெயில் எறிக்கும் மதியங்கள் எத்தனையோ உண்டு. அந்த மதியங்களை வெறும் காற்றுக்குப் பறிகொடுப்பானேன்? இன்னோர் அறைக்காக வங்கியில் கடன்பட்டவரின் தாய்க்கும், பொலித்தீன் தாளடித்தவரின் தாய்க்கும் தெரியப்போவது ஒரே தெருதான். பின்னவர் அதற்காகக் கூடுதல் வேலைநேரம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் தாயருகே இரண்டாவது கதிரையில் உட்காரலாம்.

ஒக்ரோபர் முடிவதற்குள் சலாகையும் திருகாணியும் வாங்கிவிடுங்கள். கை விறைத்தபின் இந்த வேலை இரட்டிப்பாகும்.